பழைய வண்டிக்கு என்ன விலை? நூறு வருடத்துக் கணக்கு



என் மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு பீரியடு நேரம் ஆகும். ஒரே மூச்சில் படிக்க முடியாதவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரண்டு தடவையாகப் படியுங்கள்.

ஆயுத பூஜை, தீபாவளி நெருங்கினால் எனக்கு வரும் போன்களில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். "சார், பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டுப் புதுசு எடுக்கலாம்னு இருக்கோம். ஷோரூம்ல இவ்வளவு சொல்றாங்க. நியாயமான விலைதானா?" இந்த ஆண்டு மட்டும் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். இருவர் என்னிடம் படித்தவர்கள், இருவர் நம் சொந்தங்கள்.

எனக்கு இன்ஜின் தெரியாது. சமூக அறிவியலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். ஆனால் "நியாயமான விலை" என்ற இரண்டு சொற்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் ஷோரூமில் உட்கார்ந்திருக்கும்போது எங்கே கவனிக்க வேண்டும் என்பது தானாகப் புரியும். அதனால் நால்வருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

1. துண்டுக்கு அடியில் பேசிய விலை

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை போன்ற பெரிய சந்தைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்பவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் இருக்கும். விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. விற்பவரிடம் ஒரு தொகை, வாங்குபவரிடம் ஒரு தொகை. நடுவில் இருப்பது தரகருக்கு மட்டும் தெரிந்த ரகசியம்.

ஆனால் மாட்டை வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதைக் கண்டுபிடிப்பார். சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். அதாவது, விலை மறைவாக இருந்தாலும் பொருள் வெளிச்சத்தில் இருந்தது.

பாத்திரக் கடையில் பழைய பித்தளையைப் போட்டு எவர்சில்வர் வாங்கிய நம் அம்மாக்களுக்கும், பழைய நகையைப் போட்டுப் புது நகை எடுப்பவர்களுக்கும் இந்த மாற்று வியாபாரம் புதிதல்ல. பித்தளைக்கு எடை இருக்கிறது. தங்கத்துக்கு எடையோடு உரைகல்லும் இருக்கிறது. அன்றைய விலை பத்திரிகையில் வருகிறது. கார் அப்படியில்லை. ஒரே ஆண்டில் ஒரே கம்பெனியில் செய்த இரண்டு கார்கள் ஐந்து வருடம் கழித்து ஒரே மதிப்பில் இருக்காது. உரைகல்லும் கிடையாது. இதுதான் பிரச்சினையின் வேர்.

2. பழைய காரே முதல் தவணை

காருக்குக் கார் மாற்றும் பழக்கம் பெரிய அளவில் வேரூன்றியது அமெரிக்காவில், 1920களில்.

ஹென்றி ஃபோர்டு 1908ல் 'மாடல் டி' காரைக் கொண்டுவந்தபோது விலை சுமார் 850 டாலர். 1920களின் நடுவில் அதே கார் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. விலையைக் குறைத்துக்கொண்டே போனால் வாங்க ஆள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பது ஃபோர்டின் கணக்கு. ஒரு கட்டம் வரை அது சரியாகவே நடந்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியின் தலைவராக 1923ல் வந்த ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு மாதிரி யோசித்தார். வாங்கக் கூடியவர்கள் பலரும் முதல் காரை வாங்கிவிட்டார்கள். இனி வருபவர் இரண்டாவது கார் வாங்க வருபவர். அவர் கையில் ஏற்கெனவே ஒரு கார் இருக்கிறது. அதை என்ன செய்வது?

கார் சந்தையை அந்தப் பத்தாண்டில் புரட்டிப் போட்டவை நான்கு என்று ஸ்லோன் பிற்காலத்தில் தம் நூலில் எழுதினார். தவணை முறை, பழைய காரை மாற்றிக்கொள்ளும் முறை, மூடிய கூரையுள்ள கார், ஆண்டுதோறும் புது மாடல். இந்த நான்கும் சங்கிலிபோல் கோத்தவை. ஆண்டுதோறும் புது மாடல் வந்தால், ஓடிக்கொண்டிருக்கும் நல்ல காரே பழசாகத் தெரியும். பழசைக் கொடுத்தால் அதுவே புதுசுக்கு முதல் தவணை ஆகிவிடும். மீதியைக் கடனாகக் கொடுக்க ஜெனரல் மோட்டார்ஸ் 1919லேயே தன் சொந்த நிதி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது.

ஃபோர்டு 1927ல் மாடல் டி உற்பத்தியை நிறுத்தினார். அதற்குள் சுமார் 1.5 கோடி வண்டிகள் செய்திருந்தார்கள். மலிவான புது ஃபோர்டுக்குப் போட்டியாக நின்றது, அதே விலைக்குக் கிடைத்த இன்னும் வசதியான பழைய கார்.

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது புது வண்டி விற்கப் பிறந்த ஏற்பாடு. பழைய வண்டிக்காரருக்கு நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதற்காக யாரும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அதில் தப்பும் இல்லை. ஆனால் அது தெரிந்து உள்ளே போக வேண்டும்.

3. விலைப் புத்தகம் யார் கையில்?

எக்ஸ்சேஞ்ச் பரவியதும் வியாபாரிகளே மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துக் கடைக்காரர் பழைய காருக்கு 200 டாலர் சொன்னால், இவர் 250 சொல்லித்தான் புதுசை விற்க முடியும். கடை வாசலில் பழைய கார்கள் குவிந்தன. அவற்றை விற்க முடியாமல் புது கார் லாபம் பழைய காரில் கரைந்தது. கார் கம்பெனிகளே பணம் கொடுத்துப் பழைய வண்டிகளை உடைக்கச் சொன்ன திட்டங்களும் நடந்தன.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பழைய கார் வியாபாரம் செய்தவர் லெஸ் கெல்லி. எந்தக் காரை என்ன விலைக்கு வாங்கத் தயார் என்று ஒரு பட்டியல் போட்டு மற்ற வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும் அனுப்பினார். அது 1926ல் 'புளூ புக்' என்ற புத்தகமானது. பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1933ல், அமெரிக்க அரசு கொண்டுவந்த தொழில் மீட்புச் சட்டத்தின் கீழ், பழைய காருக்கு வியாபாரி கொடுக்கும் விலைக்கே உச்ச வரம்பு வைத்தார்கள். அதே ஆண்டில் கார் வியாபாரிகள் சங்கமும் தன் விலைக் கையேட்டை வெளியிட்டது. 1935 மே மாதம் அந்தச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. வரம்பு போனது. கையேடு நின்றது.

இப்போது கவனியுங்கள். கெல்லியின் புளூ புக் பொதுமக்களுக்கான பதிப்பாக முதலில் வந்தது 1993ல். 67 ஆண்டுகள் அது வியாபாரிகளும் வங்கிகளும் பார்க்கும் புத்தகமாகவே இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவரிடம் விலைப் பட்டியல். இந்தப் பக்கம் உட்கார்ந்தவரிடம் வண்டிச் சாவி மட்டும். நம் சந்தைத் துண்டுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

4. கண்ணாடியில் ஒட்டிய சீட்டு

இரண்டாம் உலகப் போர் முடிந்து கார் விற்பனை சூடுபிடித்த காலத்தில் ஒரு தந்திரம் பரவியது. பழைய காருக்கு 200 டாலர் கூடுதலாகத் தருகிறேன் என்பார் வியாபாரி. வாங்குபவர் மகிழ்ந்துபோவார். ஆனால் புது காரின் விலையிலேயே 300 டாலர் ஏற்றி வைத்திருப்பார். கொடுத்ததுபோலக் கொடுத்து, எடுத்தது தெரியாமல் எடுத்துக்கொள்வது.

ஓக்லஹோமா மாநிலத்து செனட்டர் மைக் மன்ரோனி இதைக் கையில் எடுத்தார். 1958ல் சட்டம் வந்தது. ஒவ்வொரு புது காரின் கண்ணாடியிலும் கம்பெனி பரிந்துரைக்கும் விலையை அச்சிட்டு ஒட்ட வேண்டும். வாங்குபவரிடம் ஒப்படைக்கும் வரை கிழிக்கக் கூடாது. அந்தச் சீட்டை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ஒரு சின்னக் காகிதம்தான். ஆனால் பழைய வண்டிக்கு நியாய விலை வேண்டும் என்று போராடியவர்கள் கடைசியில் புது வண்டியின் விலையை வெளியில் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள் என்பதுதான் இதில் உள்ள பாடம். இரண்டு விலைகளில் ஒன்று இருட்டில் இருந்தால் மற்றொன்றைப் பேசிப் பயனில்லை.

5. எலுமிச்சைக்கு நோபல் பரிசு

அமெரிக்கப் பேச்சு வழக்கில், வாங்கிய பிறகு தொல்லை கொடுக்கும் காருக்கு 'எலுமிச்சை' என்று பெயர். ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970ல் 'எலுமிச்சைச் சந்தை' பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. அதே கட்டுரையின் பலத்தில் 2001ல் அவருக்கு இன்னும் இருவரோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. முயற்சி செய்தும் மதிப்பெண் வராதவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் சொன்னதை எட்டாம் வகுப்புக் கணக்காகச் சொல்கிறேன். சந்தையில் பாதி வண்டிகள் நல்லவை, 3 லட்சம் பெறும். பாதி மோசமானவை, 1 லட்சம்தான் பெறும். வெளியில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் பளபளக்கும். எது எது என்று வாங்குபவருக்குத் தெரியாது. அவர் என்ன செய்வார்? சராசரி போட்டு 2 லட்சம் கேட்பார். நல்ல வண்டிக்காரர், "என் வண்டிக்கு 2 லட்சமா?" என்று வீட்டுக்குப் போய்விடுவார். மோசமான வண்டிக்காரர் மகிழ்ச்சியாக நிற்பார். அடுத்த நாள் சந்தையில் மோசமானவையே அதிகம். வாங்குபவர் இன்னும் குறைத்துக் கேட்பார். இப்படியே நல்ல வண்டிகள் சந்தையை விட்டுப் போய்விடும்.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. தெரியாமைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை நல்ல வண்டி வைத்திருப்பவர்தான் கட்டுகிறார்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு சென்னைப் பதிவெண் உள்ள பழைய வண்டி என்றாலே சீட்டுக்கு அடியில் சேறு இருக்கிறதா, பெல்ட்டை முழுவதும் இழுத்தால் கறை தெரிகிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்கள். தண்ணீரே படாத வண்டிக்காரரும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அகர்லாஃப் சொன்னதன் நம்மூர் உதாரணம் இது.

6. நம் நாட்டில்: பழசு புதுசைவிட விலை அதிகம்

இளையவர்கள் நம்ப மாட்டீர்கள். நம் நாட்டில் ஒரு காலத்தில் பழைய வண்டிக்குப் புது வண்டியைவிட அதிக விலை கிடைத்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு யார் கார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசு உரிமம் முடிவு செய்தது. கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் அம்பாசடர், பம்பாயில் பிரீமியர் கம்பெனியின் ஃபியட், நம் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் ஹெரால்டு. அநேகமாக இவ்வளவுதான். ஸ்கூட்டர் என்றால் பஜாஜ். பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டு வரை காத்திருந்தவர்கள் உண்டு. மகள் பிறந்தபோது பதிந்தால் கல்யாணத்துக்கு வரும் என்று கேலியாகச் சொல்வார்கள்.

புதுசு அரசாங்க விலையில், ஆனால் எப்போது வரும் என்று தெரியாது. பழசு இன்றே கிடைக்கும். ஆகவே பழசுக்கு விலை ஏறியது. ஷோரூமுக்குப் பழைய வண்டியை வாங்க வேண்டிய தேவையே இல்லை. வரிசையில் நிற்பவரை எதற்குக் கெஞ்ச வேண்டும்? அதனால் அந்தக் காலத்தில் நம் நாட்டில் எக்ஸ்சேஞ்ச் வளரவில்லை. பழைய வண்டி தெருமுனை புரோக்கர், மெக்கானிக் ஷெட், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று கைமாறியது.

1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். அதற்கு முன்பே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்பணம் கட்டிக் காத்திருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் டெலிவரி எடுத்த கையோடு கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு.

1991ல் பொருளாதாரக் கொள்கை மாறியது. 1993ல் கார் தயாரிக்க உரிமம் தேவையில்லை என்றானது. மறைமலை நகரில் ஃபோர்டு, இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் என்று நம் மாநிலத்துக்கே தொழிற்சாலைகள் வந்தன. 1998ல் சான்ட்ரோ வந்தது. காத்திருந்த வரிசை கரைந்தது. இப்போது கார் கம்பெனிக்கு ஆள் தேட வேண்டிய நிலை. ஸ்லோன் 1920களில் பார்த்த அதே காட்சி, எழுபது ஆண்டு கழித்து இங்கே. மாருதி 2001ல் பழைய கார்களுக்கென்றே 'ட்ரூ வேல்யூ' என்ற பிரிவைத் தொடங்கியது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்ற சொல் நம் பேச்சில் நுழைந்தது.

ஆக, பழைய வண்டியின் விலை என்பது வண்டியின் நிலைமையை மட்டும் பொறுத்ததில்லை. புது வண்டி எவ்வளவு எளிதாக, எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதையும் பொறுத்தது. கடைசி உதாரணம் நாம் கண்ணால் பார்த்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புதுசு விலை இறங்கினால் பழசும் இறங்கித்தான் ஆக வேண்டும். "போன வருடம் என் நண்பனுக்கு இவ்வளவு கொடுத்தார்கள்" என்ற வாதம் இதனால்தான் எடுபடாது.

7. மூன்று தொகை, ஒரு வித்தியாசம்

இனி கணக்குப் பாடம். நோட்டை எடுங்கள்.

புது வண்டி ஆன் ரோடு 8,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஷோரூமில் பழைய வண்டிக்கு 3,00,000 தருகிறார்கள், தள்ளுபடி எதுவும் இல்லை. இரண்டாவது ஷோரூமில் 2,60,000தான். ஆனால் போனஸ், தள்ளுபடி எல்லாம் சேர்த்து 60,000. எது நல்லது?

முதலாவதில் கையிலிருந்து கட்ட வேண்டியது 5,00,000. இரண்டாவதில் 4,80,000. பழைய வண்டிக்குக் குறைவாகச் சொன்னவரிடம் உங்களுக்கு 20,000 மிச்சம். "என் வண்டிக்கு மூணு லட்சம் கொடுத்தான்" என்ற பெருமைக்கு 20,000 ரூபாய் விலை. 1958ல் மன்ரோனி ஒழிக்க நினைத்தது இதைத்தான்.

அதனால் புது வண்டி விலை, பழைய வண்டி விலை, கடன் ஆகிய மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். முதலில் பழைய வண்டியைப் பற்றிப் பேசாமலே புது வண்டியின் விலையை முடியுங்கள். பிறகு பழையதைப் பேசுங்கள். கடைசியாகக் கடன். எல்லாவற்றையும் கலந்து "மாசம் இவ்வளவு கட்டினா போதும் சார்" என்று சொன்னால் அங்கே துண்டு போர்த்திவிட்டார்கள் என்று அர்த்தம்.

அடுத்து, வியாபாரி பக்கத்துக் கணக்கையும் பார்க்க வேண்டும். நியாயம் என்றால் இரண்டு பக்கமும் நியாயம். உங்கள் வண்டியை 3,00,000க்கு வாங்கி 3,60,000க்கு விற்கிறார் என்று வையுங்கள். இடையில் உள்ள 60,000க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதாவது 10,800. டயர், பெயின்ட், சில்லறை வேலைக்கு 20,000 என்றால் மீதி 29,200. அதில்தான் இட வாடகை, சம்பளம், முடங்கிய பணத்துக்கு வட்டி, லாபம் எல்லாம். ஆகவே இணையத்தில் போட்டிருக்கும் விற்பனை விலையை ஷோரூமில் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அந்த விலை வேண்டுமென்றால் நீங்களே ஆள் தேடி விற்க வேண்டும். தனி மனிதர் தன் சொந்த வண்டியை விற்றால் அதற்கு ஜிஎஸ்டி கிடையாது. அலைச்சலும் ஆபத்தும் உங்களுடையது.

நம்மிடம் புளூ புக் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். உங்கள் வீட்டு பீரோவில் ஒரு விலைச் சீட்டு ஏற்கெனவே இருக்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியில் ஐ.டி.வி. என்று ஒரு தொகை போட்டிருப்பார்கள். அந்த மாடலின் தற்போதைய பட்டியல் விலையில் வயதுக்கு ஏற்பக் கழித்து வரும் தொகை அது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை 20 சதவீதம், மூன்று வயது வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று கழிவு. அதற்கு மேல் பேசி முடிவு செய்வது. ஐ.டி.வி. சந்தை விலை ஆகாது. நன்றாகப் போகும் மாடலுக்கு அதற்கு மேலும் கிடைக்கும், போகாத மாடலுக்குக் கீழேயும் போகும். ஆனால் பேச்சைத் தொடங்க ஒரு ஊன்றுகோல். அதோடு குறைந்தது மூன்று இடத்தில் எழுத்தில் விலை வாங்குங்கள். ஒன்று ஷோரூம், ஒன்று பழைய கார் மட்டும் வாங்கும் நிறுவனம், ஒன்று உள்ளூர் வியாபாரி.

எலுமிச்சைப் பாடத்தையும் மறக்காதீர்கள். வாங்குபவரின் சந்தேகத்தைக் குறைத்தால் உங்கள் விலை கூடும். சர்வீஸ் ரசீதுகளைத் தேதி வாரியாக அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கிலோமீட்டர் மீட்டரைத் திருப்பி வைப்பது அமெரிக்காவில் 1972லேயே தேசியச் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்கு வளர்ந்த பழக்கம். இங்கும் அது இல்லாமல் இல்லை. உங்கள் மீட்டர் உண்மை சொல்கிறது என்பதற்கு சர்வீஸ் ரசீதுதான் சாட்சி. அடிபட்டு வேலை பார்த்திருந்தால் மறைக்க வேண்டாம். எப்படியும் கண்டுபிடிப்பார்கள். ஒன்றில் பொய் என்றால் மீதி ஒன்பதிலும் கழிப்பார்கள்.

இன்னொரு பணம் பலர் விட்டுவிட்டு வருவது. நோ கிளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, உங்களுக்கு உரியது. க்ளெய்ம் செய்யாத ஆண்டுகளைப் பொறுத்து 20 முதல் 50 சதவீதம் வரை. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சான்று வாங்கினால் புது வண்டியின் பிரீமியத்தில் கழியும். விலை பேரத்தில் யாரும் இதை உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள்.

8. விலையைவிடப் பெரியது

இதுவரை சொன்னது பத்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் விஷயம். இனிச் சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதினேன்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர். இப்போது தையல் கடை வைத்திருக்கிறார். தன் பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதுசு எடுத்தார். மற்ற இடங்களைவிடக் கூடுதல் விலை கிடைத்தது. கையெழுத்து கேட்ட இடத்தில் எல்லாம் போட்டுக் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்திலிருந்து அவருக்கு நோட்டீஸ் வந்தது. அந்தப் பழைய கார் விபத்தில் மாட்டியிருக்கிறது. அடிபட்டவர் குடும்பம் இழப்பீடு கேட்கிறது. ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் இவர் பெயர். கடையில் கேட்டால், "நாங்கள் அன்றைக்கே இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்கிறார்கள். அந்த இன்னொருவர் மற்றொருவருக்குக் கொடுத்திருக்கிறார். யாரும் பெயர் மாற்றவில்லை. இவர் மிஷினை மூடிவைத்துவிட்டு வாய்தாவுக்கு வாய்தா அலைகிறார். கூடுதலாகக் கிடைத்த தொகை பஸ் செலவுக்கும் வக்கீலுக்கும் போய்விட்டது.

"நான்தான் விற்றுவிட்டேனே" என்பது சட்டத்தில் நிற்காது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையது. அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்ற கோணத்தில் பார்த்தால் அந்தத் தீர்ப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயர் மாற்றாமல் விட்டவர் பாடு திண்டாட்டம்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988ன் 50வது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவங்கள் 29, 30. எக்ஸ்சேஞ்சில் என்ன நடக்கும் என்றால், வாங்குபவர் பெயரை எழுதாமல் வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வார்கள். வண்டி விற்கும் வரை உங்கள் பெயரிலேயே நிற்கும். ஒரு பெயர் மாற்றச் செலவு அவர்களுக்கு மிச்சம். ஆபத்து மட்டும் உங்களுக்கு.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தியது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பழைய வண்டி வாங்கி விற்கும் வியாபாரிகள் பதிவு செய்து அங்கீகாரச் சான்று பெற வேண்டும். அப்படிப்பட்டவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி மூலம் ஆன்லைனில் தெரிவித்துவிட்டால், அன்று முதல் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அதன் பிறகு நடக்கும் எதற்கும் அவர் பொறுப்பு. சந்தைத் துண்டை எடுத்துப் போட்ட விதி என்று இதைச் சொல்வேன். நல்ல விதி இருக்கிறது. கேட்டு வாங்குவது நம் வேலை.

ஆகவே ஷோரூமில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எவ்வளவு தருவீர்கள்?" என்பதாக இருக்கக் கூடாது. "உங்களிடம் அங்கீகாரச் சான்று இருக்கிறதா? 29சி போடுவீர்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால், பெயர் மாற்றம் முடிந்த ஆர்.சி. நகல் எத்தனை நாளில் தருவார்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். தேதியும் நேரமும் போட்ட டெலிவரி ரசீது ஒன்று வாங்குங்கள். ஒப்படைக்கும் நிமிடத்தில் வண்டியோடு மீட்டரையும் சேர்த்துப் போட்டோ எடுங்கள். பழைய கடன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35ம் கொடுத்து அடமானப் பதிவை நீக்குங்கள். ஃபாஸ்டேக்கை ரத்து செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உங்கள் பெயர் போய்விட்டதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டதோடு நிற்காதீர்கள்.

பத்தாயிரம் ரூபாய் குறைவாகக் கொடுத்து, ஒரே வாரத்தில் பெயரை மாற்றித் தருபவரே நியாயமான விலை கொடுத்தவர். என் கணக்கில் அப்படித்தான் வருகிறது.

9. வீட்டுப்பாடம்

வழக்கம்போல் வீட்டுப்பாடம் இல்லாமல் விட மாட்டேன். வண்டி மாற்றும் எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். கடந்த பத்தாண்டில் நீங்களோ உங்கள் அப்பாவோ விற்ற ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் நினைவுபடுத்தி எழுதுங்கள். பைக், மொபெட் உட்பட. ஒவ்வொன்றும் இன்று யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வீட்டுப் பெயரில் ஒன்று மிச்சம் இருந்தால், அந்த வண்டியின் விலை இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் கமென்ட்டில் கேளுங்கள். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வேலை பார்க்கும், ஷோரூமில் வேலை பார்க்கும் என் மாணவர்களும் இதைப் படிக்கிறார்கள். எனக்குத் தெரியாததை அவர்கள் சொல்லட்டும். ஷோரூம் பிள்ளைகளே, உங்கள் பக்க நியாயத்தையும் தயங்காமல் எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள். புது வண்டி எடுப்பவர்கள் மெதுவாக ஓட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்